ஊறுகாய் ஜாடிக்குள் ஒரு திருடன்!

கேமரா, சவுண்ட்பாக்ஸ், ரவுட்டர், படகுக் கருவி... வெளியிலிருந்து வரும் தகவலைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் கருவிகளால் என்ன ஆபத்து? தப்பிக்க வழி என்ன?

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது ஏரல். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் இதுதான் சந்தை ஊர். சேர்மன் அருணாசல சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழா வந்துவிட்டால் கடைவீதியில் கால்வைக்க இடம் இருக்காது. அந்த வீதியில் ஏதாவது ஒரு நடுத்தரக் கடைக்குள் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கும் என்று கேட்டால், "பில் போட ஒண்ணு இருக்கும்" என்றுதான் பதில் வரும்.

உண்மைக் கணக்கு வேறு. கூரை மூலையில் கண்காணிப்பு கேமரா. அது பிடிக்கும் காட்சிகளைச் சேமிக்கும் பெட்டி. வைஃபை ரவுட்டர். கல்லாவுக்குப் பக்கத்தில், பணம் வந்ததும் குரல் கொடுக்கும் சவுண்ட்பாக்ஸ். கார்டு தேய்க்கும் மெஷின். பில் அச்சடிக்கும் பிரின்டர். வீட்டுக்குள் போனால் ஸ்மார்ட் டி.வி. இவை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிப், கொஞ்சம் நினைவகம், அதில் ஓடும் ஒரு மென்பொருள் என்று ஒரு முழுக் கம்ப்யூட்டரே ஒளிந்திருக்கிறது. திரையும் கீபோர்டும் இல்லாததால் கம்ப்யூட்டராகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பொறியாளர்கள் இவற்றை 'எம்பெடட்' கருவிகள் என்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வேலை உண்டு. வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கி, பிரித்து, அதன்படி நடப்பது. திருடர்கள் குறிவைப்பது அந்தப் 'பிரிக்கும்' நொடியைத்தான்.

கட்டிலைக் கழற்றி அனுப்புவது போல...

ஒரு கருவிக்குள் இருக்கும் தகவல் நினைவகத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். கேமராவை எடுத்துக்கொண்டால் தேதி, நேரம், பாஸ்வேர்டு, எந்த நேரத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற அட்டவணை என்று பலவும் இருக்கும். இதை இன்னொரு கருவிக்கு அனுப்ப வேண்டுமானால், எல்லாவற்றையும் ஒரே வரிசையாக அடுக்கி மூட்டை கட்ட வேண்டும். இதற்கு 'சீரியலைசேஷன்' என்று பெயர். மூட்டை போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழ்த்து, பழைய உருவத்துக்குக் கொண்டுவருவது 'டீசீரியலைசேஷன்'.

தேக்குக் கட்டில் ஒன்றை லாரியில் அனுப்புவதை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். கால், சட்டம், பலகை என்று தனித்தனியாகக் கழற்றி, கூடவே எதை எங்கே பொருத்துவது என்று ஒரு சீட்டும் எழுதி வைப்பார்கள். போய்ச் சேர்ந்த வீட்டில் ஒரு தொழிலாளி சீட்டைப் பார்த்துக் கட்டிலைப் பூட்டிவிடுவார். வழியில் யாரோ அந்தச் சீட்டை மாற்றி, 'முதலில் பீரோவைத் திற, சாவியை வாசலில் வை' என்று எழுதிவிட்டால்? மனிதர் என்றால், "கட்டிலுக்கும் பீரோ சாவிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார். கருவி கேட்காது. சீட்டில் இருப்பதைச் செய்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கும்.

இப்படி ஏமாறுவதில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் உலகம் விலை கொடுத்திருக்கிறது.

அளவில் பொய், எண்ணிக்கையில் பிழை

முதல் வகை, மூட்டையின் மேல் எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்புவது. 2014 ஏப்ரலில் வெளியான 'ஹார்ட்பிளீட்' ஓட்டை இதற்குச் சரியான உதாரணம். இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்பப் பயன்படும் 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு. "இருக்கிறாயா? இருந்தால் இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல். இதில் இத்தனை எழுத்து" என்று ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் திருப்பிச் சொல்லும். ஒரே ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, "இதில் 64 ஆயிரம் எழுத்து இருக்கிறது" என்று பொய் சொன்னால் என்ன ஆகும்? மென்பொருள் சரிபார்க்கவில்லை. அந்த ஓர் எழுத்தோடு, பக்கத்து நினைவகத்தில் கிடந்த மற்றவற்றையும் அள்ளிக் கொடுத்தது. அதில் பாஸ்வேர்டு இருக்கலாம், பூட்டின் சாவியே இருக்கலாம். பெரிய சர்வர்கள் மட்டுமல்ல, ரவுட்டர்களும் ஆண்ட்ராய்டின் 4.1.1 பதிப்பு ஓடிய போன்களும் இதில் மாட்டின.

இரண்டாவது வகை, எண்ணிக்கையை நம்புவது. 2024 ஜூலை 19-ம் தேதி நம் நாட்டு விமான நிலையங்களில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தகவல் கோப்புதான் காரணம். அந்தக் கோப்பு 21-வது தகவலைத் தேடச் சொன்னது. பிரிக்கும் மென்பொருளிடம் இருந்ததோ 20 மட்டுமே. இல்லாத இடத்தில் கைவிட்டதும் கம்ப்யூட்டர் விழுந்தது. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. இதில் எந்தத் திருடனும் இல்லை. அனுப்பியவர் நம்பகமானவரே. ஆனாலும், வந்ததை எண்ணிப் பார்க்காமல் பிரித்ததற்கு இவ்வளவு பெரிய விலை.

ஊறுகாய் என்றே பெயர்!

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. மூட்டைக்குள் தகவலோடு கட்டளையும் வருவதை அனுமதிப்பது.

கல்லூரி மாணவர்கள் விரும்பிப் படிக்கும் 'பைத்தான்' மொழியில் தகவலை மூட்டை கட்டும் முறைக்கு 'பிக்கிள்', அதாவது ஊறுகாய் என்றே பெயர். கெடாமல் வைத்திருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பெயர். சிக்கல் என்னவென்றால், இந்த ஜாடிக்குள் 'இன்ன வேலையைச் செய்' என்ற கட்டளையையும் வைத்துவிட முடியும். மூடியைத் திறந்தாலே போதும், கட்டளை நடந்துவிடும். உள்ளே இருப்பது மாங்காயா, எலுமிச்சையா என்று பார்ப்பதற்குள் திருடன் வெளியே வந்திருப்பான். நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்த ஊறுகாயைத் திறக்கவே கூடாது என்று பைத்தானின் அதிகாரபூர்வக் கையேடே எச்சரிக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாடல்கள் பலவும் இந்த முறையில்தான் கைமாறிக்கொண்டிருந்தன. ஆபத்து புரிந்த பிறகு, வெறும் எண்களை மட்டுமே தாங்கும் 'சேஃப்டென்ஸர்ஸ்' என்ற கோப்பு முறை வந்தது.

ஜாவா மொழிக்கும் இதே தலைவலி உண்டு. 1997-ல் சேர்க்கப்பட்ட மூட்டை கட்டும் வசதியால், 2015-ல் வெப்லாஜிக், வெப்ஸ்பியர், ஜெங்கின்ஸ் போன்ற பெரிய நிறுவன மென்பொருள்கள் வரிசையாக ஓட்டை விழுந்து நின்றன. 1997-ல் செய்த அந்தக் காரியம் ஒரு மோசமான தவறு என்று ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளரே 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

கைபேசியும் தப்பவில்லை. அதே 2015 ஆகஸ்டில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் ஆண்ட்ராய்டில் ஒரு டீசீரியலைசேஷன் ஓட்டையை வெளியிட்டார்கள். எந்த அனுமதியும் கேட்காத சாதாரண செயலி ஒன்று, மூட்டைக்குள் விஷமமான ஒரு பொருளை வைத்து அனுப்பி, போனின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. அன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் 55 சதவிகிதத்துக்கும் மேல் இந்த ஓட்டை இருந்தது. பிறகு சரிசெய்யப்பட்டது.

எம்.எம்.எஸ். தந்த பாடம்

அந்த ஆண்டு ஜூலையில் வெளியான 'ஸ்டேஜ்ஃபிரைட்' இதைவிடப் பெரிய அதிர்ச்சி. வீடியோ இணைத்த ஓர் எம்.எம்.எஸ். வந்தால், அதைத் திறந்து பார்க்கக்கூடத் தேவையில்லை. முன்னோட்டம் காட்டுவதற்காக போன் தானாகவே வீடியோவைப் பிரிக்கும்போதே வேலை முடிந்துவிடும். சுமார் 95 கோடி கருவிகள் பாதிக்கப்படக்கூடியவை என்று கண்டுபிடித்த நிறுவனம் அறிவித்தது.

அதனால் ஒரு நன்மையும் விளைந்தது. அடுத்த மாதத்திலிருந்து கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிட ஆரம்பித்தது. இன்று ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி பேட்ச்' என்று ஒரு தேதி இருக்கிறதே, அந்த மாதாந்தர வழக்கம் பிறந்த கதை இதுதான். அந்தத் தேதி ஓராண்டுக்கு முந்தையதாக இருந்தால், அதற்குப் பிறகு உலகத்துக்கே தெரிந்துவிட்ட ஓட்டைகள் அந்த போனில் இன்னும் திறந்தே இருக்கின்றன என்று பொருள்.

ஐபோனில் 2019-ல் கூகுளின் 'புராஜெக்ட் ஸீரோ' ஆய்வாளர்கள் இதே மாதிரி ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். ஐமெசேஜில் வரும் மூட்டையைப் பிரிக்கும் பகுதியில்தான் கோளாறு. பயனர் எதையும் தொடாமலேயே தாக்க முடியும் என்று நிரூபித்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஐ.ஓ.எஸ். 14-ல் ஆப்பிள் ஒரு தனி அறையே கட்டியது. வெளியிலிருந்து வரும் செய்திகளை முதலில் அந்த அறைக்குள் வைத்துப் பிரித்துப் பார்த்து, பிறகுதான் வீட்டுக்குள் விடுகிறார்கள்.

போனுக்கு அறை உண்டு, கேமராவுக்கு?

போனைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் கேமராவுக்கும் ரவுட்டருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. நினைவகம் குறைவு. பெரும்பாலும் 'சி' மொழியில் எழுதிய மென்பொருள். அந்த மொழி வேகமானது. ஆனால் அளவைச் சரிபார்க்கும் பொறுப்பை முழுக்க முழுக்க எழுதுபவர் தலையில் கட்டிவிடும். ஒருமுறை சுவரில் மாட்டிவிட்டால் பத்து வருடம் அப்படியே கிடக்கும். திருத்தம் வந்தாலும் போடுவதற்கு ஆள் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கருவி ஒரு நிறுவனத்துடையது, உள்ளே இருக்கும் மென்பொருள் வேறு யாருடையதோ. அமெரிக்காவில் 'டிரெக்' என்றொரு சிறு நிறுவனம் எழுதிய, வலைப்பின்னல் மூட்டைகளைப் பிரிக்கும் மென்பொருள் பல ஆண்டுகளாக உலகெங்கும் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. 2020 ஜூனில் இஸ்ரேலைச் சேர்ந்த 'ஜே.எஸ்.ஓ.எஃப்.' ஆய்வாளர்கள் அதில் 19 ஓட்டைகளை வெளியிட்டு 'ரிப்பிள்20' என்று பெயர் வைத்தார்கள். பிரின்டர், தொழிற்சாலைக் கருவி, நோயாளிக்குச் சொட்டு மருந்து ஏற்றும் பம்ப் என்று கோடிக்கணக்கான கருவிகள் பட்டியலில் வந்தன. தங்கள் கருவிக்குள் அந்த மென்பொருள் இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்கவே பல நிறுவனங்கள் திண்டாடின.

கேமராவுக்கு வருவோருக்கு இவ்வளவு சிரமம்கூடத் தேவைப்படவில்லை. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப்பிடித்துப் படை திரட்டியது. கையில் இருந்தது 60 சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அந்தப் படை அக்டோபர் 21 அன்று 'டின்' என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவின் பல பகுதிகளில் மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. மிராயின் வாரிசுகள் இன்றும் உலவுகின்றன. கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் 'வாஸூ' என்ற பாதுகாப்பு மென்பொருளிலேயே ஒரு டீசீரியலைசேஷன் ஓட்டை இருந்தது. அதைப் பயன்படுத்தி மிராய் வகை வைரஸ்கள் இரண்டு பரவுவதாக 'அகமாய்' நிறுவனம் 2025 ஜூனில் எச்சரித்தது. காவலாளி வழியாகவே திருடன் வந்த கதை!

2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கேமராக்கள் பலவற்றில் ஒரு கடுமையான ஓட்டை வெளியானது. கேமராவுக்கு வரும் செய்தியைச் சரியாகச் சோதிக்காததால், செய்திக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பினால், பாஸ்வேர்டே இல்லாமல் கேமராவை முழுதாக எடுத்துக்கொள்ள முடிந்தது. நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. ஆனால் திருத்தம் வெளியாவதும், அது சுவரில் தொங்கும் கேமராவுக்குள் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல.

இதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதை 2025 பிப்ரவரியில் குஜராத் காட்டியது. ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள், சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகளோடு இணையத்தில் விற்கப்பட்டன. விசாரணை விரிந்தபோது நாடு முழுக்கப் பல இடங்களின் கேமராக்கள் இப்படித் திறக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மருத்துவமனையில் இருந்தது, எவரும் ஊகிக்கக்கூடிய 'அட்மின்123' வகைப் பாஸ்வேர்டு. எந்த நுட்பமான ஓட்டையும் தேவைப்படவில்லை.

கடலில் இல்லாத கப்பல்

தூத்துக்குடிக் கடற்கரையில் இந்தப் பிரச்னைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. வ.உ.சி. துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பல்கள் 'ஏ.ஐ.எஸ்.' என்ற கருவியைச் சுமந்து வருகின்றன. தன் பெயர், இடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலை மூலம் அது அறிவித்துக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கப்பல்களின் திரையில் புள்ளியாகத் தெரியும். மோதல் தவிர்க்க அருமையான ஏற்பாடு. ஆனால் வரும் செய்தியை உண்மையில் அந்தக் கப்பல்தான் அனுப்பியதா என்று சரிபார்க்க அதில் வழியில்லை.

2013-ல் 'டிரெண்ட் மைக்ரோ' ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். இல்லாத ஒரு கப்பலைக் கடல் வரைபடத்தில் ஓடவிட்டு, அதன் பாதையால் ஆங்கில எழுத்துகளை வரைந்தார்கள். பொய்யான ஆபத்து அழைப்பையும் கிளப்ப முடியும் என்றார்கள்.

மீன்பிடிப் படகுகளுக்கும் இப்போது கருவிகள் வருகின்றன. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர்களை 364 கோடி ரூபாய் செலவில் 1 லட்சம் படகுகளில் பொருத்தும் தேசியத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. கைபேசி சிக்னல் எட்டாத ஆழ்கடலிலிருந்தும் கரைக்குச் செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கை பெறலாம், எல்லை நெருங்கினால் தெரிந்துகொள்ளலாம். உயிர் காக்கும் கருவி என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் அதற்குள் போகும் ஒவ்வொரு செய்தியும் முத்திரையோடு வர வேண்டும், பிரிக்கும்முன் முத்திரை சோதிக்கப்பட வேண்டும். மன்னார் வளைகுடாவில் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பது கைதுக்கும் வீடு திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதே கடற்கரையில் தெற்கே போனால் கூடங்குளம். 2019 செப்டம்பர் 4-ம் தேதி அணுமின் கழகத்துக்கு 'செர்ட்-இன்' அமைப்பிடமிருந்து ஒரு தகவல் வந்தது. அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலைப்பின்னலில் இருந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் தீய மென்பொருள் புகுந்திருந்தது. அக்டோபர் 30 அன்று கழகம் இதை ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் வெளி வலைப்பின்னலோடு இணைக்கப்படாதவை, அவை பாதிக்கப்படவில்லை என்றும் விளக்கியது. முக்கியமான கருவியைத் தனியாக வைப்பதன் மதிப்பு அன்று ஊருக்கே விளங்கியது.

உண்மையே நம்ப முடியாததாக இருந்தால்?

"வரும் தகவலைச் சரிபார்த்தால் போயிற்று" என்று சொல்வது எளிது. எப்படிச் சரிபார்ப்பது என்பதில்தான் சூட்சுமம். அதை 2023 டிசம்பர் வெள்ளத்தைவிடத் தெளிவாக எதுவும் விளக்காது.

அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரையைத் தாண்டியது. ஏரல் துண்டிக்கப்பட்டது. கடைகளுக்குள் வெள்ளம் புகுந்து சரக்கெல்லாம் சேறானது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட பயணிகளை நாடே பார்த்தது. கைபேசி கோபுரங்கள் ஓய்ந்துபோக, யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத நாள்கள் அவை.

மழைமானியும் ஆற்றின் நீர்மட்டம் அளக்கும் கருவியும் இன்று தானியங்கிகள். தாங்கள் அளந்ததை மூட்டை கட்டி, சிம் கார்டு வழியாக அனுப்புகின்றன. அந்த மூட்டையைப் பிரித்துத்தான் எச்சரிக்கை முடிவாகிறது. பொய்த் தகவலைத் தடுக்க ஒரு பொறியாளர், "ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை என்று வந்தால் தூக்கிப் போடு" என்று விதி எழுதியிருந்தால்? அந்த விதி, காயல்பட்டினத்தின் உண்மையான 95 சென்டிமீட்டரைத் தூக்கிப் போட்டிருக்கும்! கருவி மிகவும் தேவைப்படும் நாளில்தான் உண்மையே நம்ப முடியாததாக இருக்கிறது.

ஆகவே 'நம்பும்படி இருக்கிறதா?' என்ற கேள்வி மட்டும் போதாது. அதற்கு முன் இரண்டு கேள்விகள் உண்டு. 'அனுப்பியது யார்?' என்பது ஒன்று. டிஜிட்டல் கையெழுத்து அதற்குப் பதில் சொல்லும். 'மூட்டையின் அமைப்பு சரியா?' என்பது இன்னொன்று. அளவும் எண்ணிக்கையும் சொன்னபடி இருக்கிறதா, எண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டளை இருக்கிறதா என்று பார்ப்பது அது. இரண்டிலும் தேறிய தகவல் எவ்வளவு வியப்பாக இருந்தாலும் தள்ளிவிடக் கூடாது. பக்கத்து மழைமானியோடு ஒப்பிட்டு, ஒரு மனிதரின் பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தயாரிப்பவர்கள் செய்ய வேண்டியது

மாவட்டத்தின் பொறியியல் கல்லூரிகளில் ராஸ்பெர்ரி பை வைத்து பாசனக் கருவி செய்யும் மாணவர்களிலிருந்து பெரிய நிறுவனங்கள் வரை இது பொருந்தும். வலைப்பின்னலில் அனுப்பும் தகவலுக்கு ஊறுகாய் ஜாடி வேண்டாம். எழுத்தையும் எண்ணையும் மட்டுமே தாங்கும் 'ஜேசான்' போன்ற எளிய முறைகள் போதும். கையெழுத்தைச் சோதித்த பிறகே மூட்டையைத் தொட வேண்டும். பிரிக்கும் வேலையைச் செய்யும் பகுதிக்குக் கருவியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கக் கூடாது. வாசலில் பார்சல் வாங்குபவர் கையில் பீரோ சாவி எதற்கு?

நினைவகத் தவறுகளை மொழியே தடுக்கும் 'ரஸ்ட்' போன்ற மொழிகளும் கைகொடுக்கின்றன. புதிய பகுதிகளை அப்படிப்பட்ட மொழிகளில் எழுதத் தொடங்கிய பிறகு, ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளில் நினைவகம் தொடர்பானவற்றின் பங்கு 2019-ல் 76 சதவிகிதமாக இருந்து 2024-ல் 24 சதவிகிதமாகக் குறைந்திருப்பதாக கூகுள் சொல்கிறது.

சட்டமும் விழித்துக்கொண்டிருக்கிறது. எல்லாக் கருவிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு வைத்து விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் தடைசெய்தது. இந்தியாவில் இணையத்தோடு இணையும் கண்காணிப்பு கேமராக்களுக்கான பாதுகாப்புத் தேவைகளை மத்திய அரசு 2024-ல் அறிவித்து, 2025 ஏப்ரல் முதல் அவற்றின் பாகங்களையும் மென்பொருளையும் ஆய்வகத்தில் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே சுவரில் தொங்கும் கேமராக்களுக்கு உரிமையாளர்தான் காவல்.

வீட்டிலும் கடையிலும் என்ன செய்யலாம்?

* கேமரா, ரவுட்டர் இரண்டிலும் தொழிற்சாலைப் பாஸ்வேர்டை இன்றே மாற்ற வேண்டும். மாட்டிக் கொடுத்த டெக்னீஷியனுக்குத் தெரிந்த பாஸ்வேர்டையும்தான். கடைப் பெயரோ போன் நம்பரோ பாஸ்வேர்டாக வேண்டாம்.

* மாதம் ஒரு நாள் வைத்துக்கொண்டு போன், ரவுட்டர், கேமரா, டி.வி. எல்லாவற்றிலும் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கலாம். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிடுவது இன்னும் நல்லது.

* ரவுட்டரில் 'கெஸ்ட் வைஃபை' வசதி இருந்தால் கேமராவையும் டி.வி.யையும் அதில் இணைத்துவிடலாம். பேங்க் ஆப் இருக்கும் போனும், பில் போடும் கம்ப்யூட்டரும் வேறு வைஃபையில் இருக்கட்டும்.

* ரவுட்டரில் 'யு.பி.என்.பி.', 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆகியவை தேவையில்லை என்றால் ஆஃப் செய்துவிட வேண்டும். வெளியிலிருந்து கருவியை நேரடியாகத் தட்டும் கதவுகள் இவை.

* படுக்கையறை, உடை மாற்றும் இடம், நோயாளியைப் பரிசோதிக்கும் இடம் ஆகியவற்றில் இணையக் கேமரா வேண்டவே வேண்டாம்.

* 'எல்லாச் சேனலும் இலவசம்' என்று பெயர் தெரியாத டி.வி. பாக்ஸ் விற்றால் விலகிவிடுவது நல்லது. வாங்கும்போதே உள்ளே வைரஸோடு வரும் இத்தகைய பெட்டிகள் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் பொதுமக்களை எச்சரித்தது.

* வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும்?" பதில் இல்லாத கருவியின் தள்ளுபடி விலை, தள்ளுபடி அல்ல.

* போனிலோ கம்ப்யூட்டரிலோ தீய மென்பொருள் சந்தேகம் இருந்தால், மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் சுத்தம் செய்யும் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறார்களோ, போன பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

இதில் முதல் வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். கேமராவின் ஆப்பைத் திறந்து, பாஸ்வேர்டு மாற்றும் பக்கத்துக்குப் போனால் ஆயிற்று. பாஸ்வேர்டு என்னவென்றே நினைவில்லை, மாட்டிக் கொடுத்தவரிடம்தான் கேட்க வேண்டும் என்றால், அந்தக் கேமராவுக்கு இப்போதைக்கு உரிமையாளர் அவர்தான்!